உள்ளங்காலை யாரும் பார்ப்பதில்லை

தம்பி,

இதைப் படிக்கும்போது மருமகள் கவிதா பக்கத்தில் இருந்தால் எழுந்து வேறு அறைக்குப் போ. படித்து முடித்த பிறகு அவளிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்று நீயே முடிவு செய்துகொள். அம்மாவுக்குப் புற்றுநோய். காலில் ஆறாமல் கிடப்பது சுகர் புண் என்று உன்னிடம் சொன்னோமே, அது சுகர் புண் இல்லை. மெலனோமா என்கிற தோல் புற்றுநோய். உள்ளங்காலில் தொடங்கித் தொடை இடுக்குக்கு ஏறி, இப்போது ஈரலிலும் நுரையீரலிலும் இருக்கிறது. நல்ல செய்தியைச் சுற்றி வளைத்துச் சொல்லலாம், கெட்ட செய்தியை அப்படிச் சொன்னால் கேட்கிறவனுக்கு இரண்டு மடங்கு வேதனை. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். மீதியை மெதுவாகப் படி.

இதை நான் பெர்ரிப் படகில் உட்கார்ந்து எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருடம் இந்தத் தண்ணீரில் என்ஜின் அறையின் சூட்டில் நின்றவன், இன்றைக்குப் பயணிகளோடு ஏர்கானில் உட்கார்ந்து பட்டர்வொர்த்துக்கும் பினாங்குப் படகு ஜெட்டிக்குமாகப் போய்வந்துகொண்டிருக்கிறேன். இது மூன்றாவது நடை. டிக்கெட் பார்க்கிற பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். வீட்டில் எழுத வழியில்லை. கூடத்துக் கட்டிலில் படுத்தபடியே அம்மா, "என்னா எழுதுறீங்க?" என்று கேட்பாள். அவளிடம் பொய் சொல்லி நான் ஒரு நாளும் ஜெயித்ததில்லை. எதிர்வீட்டு லட்சுமி அக்காவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு, மின்சார பில் கட்டப் போகிறேன் என்று சொல்லி வந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். என் கையெழுத்து கோணலாக இருந்தால் அது படகின் ஆட்டம் என்று நினைத்துக்கொள்.

குழந்தை பிறக்கிற வரைக்கும் உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் உன் மேல் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "அந்தப் பொண்ணு வாயும் வயிறுமா இருக்கா. இப்ப போயி இத சொன்னா ரெண்டு பேரும் ஒடிஞ்சி போயிடுவாங்க. புள்ள பொறக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்லா" என்றாள். பெற்ற பிள்ளை மேல் செய்த சத்தியத்தை மீறினால் அந்தப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். பல நாள் அதை யோசித்தேன். குழந்தை பிறக்க இன்னும் பத்து வாரம் இருக்கிறது. அதுவரை அம்மா இருப்பாள் என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவளை நீ பார்க்காமலே போய்விடுவதைவிடப் பெரிய கெடுதல் உனக்கு என்ன வந்துவிடப் போகிறது? அதனால் மீறுகிறேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

எல்லாம் போன தைப்பூசத்துக்கு முந்தின தைப்பூசத்தில் தொடங்கியது. உனக்குப் பெண் அமைந்துவிட்ட சந்தோஷத்தில் அம்மா அந்த வருடம் ரதத்தின் பின்னாலேயே தண்ணீர்மலைக் கோயில் வரைக்கும் நடந்தாள். அவள் எந்த வருடம் செருப்புப் போட்டு நடந்திருக்கிறாள்? வழியெல்லாம் தேங்காய் உடைப்பது உனக்குத் தெரியும். ஓடும் தண்ணீருமாக ரோடே தெரியாது. மறுநாள் காலைக் கழுவும்போது இடது குதிகாலுக்குக் கொஞ்சம் முன்னால் உளுந்து அளவில் ஒரு கறுப்பு இருந்தது. "தேங்கா ஓடு குத்தி ரத்தம் கட்டிக்கிச்சு" என்றாள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, பெரிய நிபுணன் மாதிரி, "ஆமா, ரத்தக்கட்டுதான், ரெண்டு வாரத்துல போயிடும்" என்றேன். பினாங்கில் பிறந்து வளர்ந்த எந்தத் தமிழனும் அதைத்தான் சொல்லியிருப்பான். தைப்பூசத்துக்கு மறுநாள் காலில் கறுப்பு இருந்தால் வேறு என்ன நினைப்பது? அது அதற்கு முன்பே அங்கே இருந்திருக்கும், அன்றைக்குத்தான் காலைத் திருப்பிப் பார்த்திருக்கிறோம் என்று பின்னால் டாக்டர் சொன்னார். ரத்தக்கட்டு என்றால் நாளாக நாளாக வெளுத்து மறைய வேண்டும். மறையாத ரத்தக்கட்டு ரத்தக்கட்டு இல்லை. இதை எழுதி வைத்துக்கொள்.

சித்திரை வந்தும் அது போகவில்லை. கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. நிபோங் திபாலிலிருந்து உன் அத்தை வந்திருந்தாள். அவள் பார்த்துவிட்டு, "அண்ணி, இது மச்சம்! உள்ளங்கால்ல மச்சம் இருந்தா கடல் தாண்டிப் போற யோகம்" என்று அடித்துச் சொன்னாள். உனக்கு மெல்பர்னில் வேலை உறுதியான நேரம். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் எப்போது சும்மா இருந்தது? "இன்னும் கொஞ்சம் பெருசாவட்டும், பிசினஸ் கிளாஸ்லயே போயிட்டு வரலாம்" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அது வளர வளர நாங்கள் சந்தோஷப்பட்டோம் தம்பி. அறுபது வயதில் புதிதாக மச்சம் வருவது அபூர்வம், வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை.

பிறகு அந்த இடம் தடித்தது. மிதித்தால் வலித்தது. ஜெலுத்தோங் மருந்துக்கடைச் சீனரிடம் நானே போய், காலில் தடிப்பாக இருக்கிறது, குத்துகிறது என்று சொன்னேன். பார்க்காமலே, "மாத்தா ஈக்கான்லா" என்று மலாயில் சொல்லிக் கால் ஆணிக்கான பிளாஸ்திரியைக் கொடுத்தார். அவர் மேல் குற்றமில்லை. கறுப்பாக இருக்கிறது என்பதை நான் சொல்லவே இல்லை. என்னை உனக்குத் தெரியும். குழாய் ஒழுகினாலும் காற்றாடி நின்றாலும் நான் யாரையும் கூப்பிட மாட்டேன். கால் ஆணிக்கா கூப்பிடுவேன்? ஞாயிற்றுக்கிழமை தோறும் உப்புப் போட்ட வெந்நீரில் அம்மாவின் காலை ஊற வைப்பேன். துடைத்து என் மடியில் தூக்கி வைத்து, புது பிளேடை எடுத்து, மேல் தடிப்பை மெல்லிசாகச் சீவுவேன். சீவியது கறுப்பாக வரும். பேசினில் கழுவி விட்டுவிடுவேன். "வலிக்குதா?" என்று கேட்டால், "இல்ல, நீங்க சீவுனா பாரம் எறங்குன மாதிரி இருக்கு" என்று கண்ணை மூடிக்கொள்வாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அவள் காலை மடியில் வைத்தது அப்போதுதான். அவளிடம் நான் ஆசையாக நடந்துகொண்டது வாழ்க்கையில் குறைவு, அது உனக்கும் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நான் நல்ல புருஷனாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் கல்யாணம் ஆவணியில் நடந்தது. நீயும் கவிதாவும் எங்கள் காலில் விழுந்தபோது அம்மா இடது காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். ஆல்பத்தில் பார், அந்தப் படத்தில் ஒரு கால்தான் தெரியும். கூச்சம் என்று எல்லாரும் சிரித்தார்கள். பிளாஸ்திரி ஓரம் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது, அதுதான் காரணம். நம் ஆட்கள் எத்தனை பேர் காலில் விழுகிறோம், எத்தனை பேரின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். உள்ளங்காலை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அன்றைக்கு நீ பார்த்திருந்தாலும் என்ன கண்டுபிடித்திருப்பாய்? உன்னை நான் குறை சொல்லவில்லை. வாரா வாரம் மடியில் வைத்துப் பார்த்தவன் நான்.

நீங்கள் மெல்பர்ன் போன பிறகு அதிலிருந்து நீரும் ரத்தமும் கசிய ஆரம்பித்தது. சுகர் இருக்கிறவர்களுக்குக் கிளினிக்கில் வருடத்துக்கு ஒரு முறை காலைச் சோதிப்பார்கள். அந்தச் சோதனைக்குப் போனோம். நம் தமிழ்ப் பெண்தான் டாக்டர், உன்னைவிடச் சின்னவள். காலைத் தூக்கிப் பார்த்தாள். மேஜையிலிருந்து விளக்கு வைத்த ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து, அந்த இடத்தில் ஒட்டி வைத்து, ரொம்ப நேரம் பார்த்தாள். "யாரு இத சீவுனது?" என்று கேட்டாள். "நான்தான்மா" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் தம்பி. அவள் என்னைத் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "அங்கிள், இது ஆணி மாதிரி தெரியல. இங்க பாருங்க, இந்தப் பக்கம் இருக்குற மாதிரி அந்தப் பக்கம் இல்ல. ஓரம் பிசிறு பிசிறா போவுது. ஒரே கலரும் இல்ல, கறுப்பு இருக்கு, காப்பி கலர் இருக்கு, இங்க நீலம் மாதிரி இருக்கு. பென்சில் பின்னாடி இருக்குற ரப்பர விட பெருசு. அதுக்கும் மேல, மாறிக்கிட்டே இருக்குன்னு நீங்களே சொல்றீங்க." அவள் சொன்ன ஒவ்வொன்றையும் நான் பார்த்திருக்கிறேன். நீலத்தையும் பார்த்திருக்கிறேன். என்ஜினில் ஒரு நட்டு தளர்ந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவன் என்று எனக்குப் பெயர்.

"தோல் கேன்சர் வெள்ளக்காரங்களுக்குத்தானேம்மா வரும், வெயில்ல படுக்குறவங்களுக்கு" என்று கேட்டேன். "அவங்களுக்கு அதிகம், சரிதான். நம்ம மாதிரி நெறம் உள்ளவங்களுக்கு வந்தா, பாதி நேரம் வெயிலே படாத எடத்துலதான் வரும். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில. யாரும் பாக்குறதில்ல, அதனால லேட்டா வர்றாங்க" என்றாள். கொஞ்சம் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால்தான் உறுதியாகத் தெரியும், பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கடிதம் தருகிறேன் என்றாள்.

இந்த இடத்தில்தான் நான் செய்த பெரிய தப்பு. அந்தக் கடிதத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கட்டியில் கத்தி பட்டால் பரவிவிடும் என்று நம் பக்கம் ஒரு பேச்சு உண்டு. பெர்ரியில் என்னோடு வேலை செய்த சுங்கை பாக்காப் ஆளின் தம்பிக்கு அப்படித்தான் ஆனது, ஆப்பரேஷனுக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. அதைச் சொல்லி அம்மாவையும் பயமுறுத்தினேன். நாட்டு மருந்து அரைத்துக் கட்டினேன். அந்த டாக்டர் பெண் மூன்று தடவை போன் செய்தாள். மூன்றாம் தடவை கெஞ்சினாள். "அங்கிள், சதைய எடுக்குறதால பரவாது. எடுக்காம வச்சிருந்தாதான் பரவும். அது என்னான்னு பேரு தெரியாம எப்படி மருந்து குடுப்பாங்க?" என்றாள். இரண்டு மாதம் போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. டாக்டர் கையில் இருக்கிற கத்திக்குப் பயந்த நான், என் கையில் பிளேடை எடுத்துக்கொண்டு எத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் அம்மா ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். அவளிடம் இதைச் சொல்ல எனக்கு அன்றும் தைரியம் வரவில்லை, இன்றும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் மரத்துப்போக வைத்து, வட்டமாக ஒரு துளி சதை எடுத்தார்கள். முடிவு வந்தது, மெலனோமா. எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று மில்லிமீட்டரில் அளக்கிறார்கள், அதை வைத்துத்தான் மற்றதெல்லாம். அம்மாவுக்கு ஆழம் அதிகம், மேல் தோலும் உடைந்திருந்தது. பிறகு தொடை இடுக்கில் கை வைத்துப் பார்த்த டாக்டர், "ஆன்ட்டி, இந்தக் கட்டி எவ்ளோ நாளா இருக்கு?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "எங்க... எங்க மகன் கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து" என்று இழுத்தாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. "அந்த எடத்துல கட்டின்னு எப்படிங்க வாய் தொறந்து சொல்றது" என்று வீட்டுக்கு வந்து அழுதாள். நீ அம்மாவின் அழுகையைப் பார்த்ததில்லை. காலில் உள்ளது வெளியே கிளம்பினால் முதலில் போய்த் தங்குகிற இடம் தொடை இடுக்கில் இருக்கிற நெறிக்கட்டிதான். ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள், அங்கேயும் அதேதான். ஸ்கேன் எடுத்தார்கள். குதிகால் சதையையும் அந்த நெறிக்கட்டிகளையும் வெட்டி எடுத்தார்கள். அதைத்தான் உன்னிடம் "சுகர் புண்ணுக்குச் சின்ன ஆப்பரேஷன்" என்று சொன்னோம். உடம்பின் சொந்த பலத்தைத் தூண்டிவிட்டு நோயோடு மோத விடுகிற ஊசியை மூன்று வாரத்துக்கு ஒரு முறை போட்டார்கள். சிலருக்கு நன்றாகக் கேட்கிறதாம். அம்மாவுக்குக் கேட்கவில்லை. போன மாத ஸ்கேனில் ஈரலும் நுரையீரலும் தெரிந்தன.

அன்றைக்கு அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போய் டாக்டரிடம் கேட்டேன், நான் சீவியதால்தானா என்று. "சீவுனதால கேன்சர் வரல அங்கிள். ஆனா மேல்பக்கத்த எடுத்து எடுத்து அதோட உருவமே தெரியாம போச்சு. நாள் போயிடுச்சு. முன்னாடியே வந்திருந்தா வேற மாதிரி இருந்திருக்கலாம்" என்றார். நல்ல டாக்டர், எனக்காகப் பொய் சொல்லவில்லை. பிறகு, "வெளியூர்ல யாராச்சும் இருந்தா சொல்லிடுங்க" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்து அம்மாவிடம், "மருந்த மாத்தி தர்றாங்களாம்" என்றேன்.

உனக்கு அறிவுரை சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் வாய் அடங்காது, கேட்டுக்கொள். மாதம் ஒரு நாள் நீயும் கவிதாவும் ஒருவர் காலை ஒருவர் மடியில் வைத்துப் பாருங்கள். உள்ளங்கால், விரல் இடுக்கு, உள்ளங்கை, நகம். நகத்தில் கறுப்பாகக் கோடு விழுந்து அகலமானால் கதவில் நசுங்கியது என்று நீங்களாகக் கதை கட்டாதீர்கள். புதிதாக வந்தது, மாறுகிறது, ஆறவில்லை, ரத்தம் வருகிறது, இதில் ஒன்று இருந்தாலும் காட்டுங்கள். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னால் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள், அதில் என்ன கேவலம்? எங்கே வந்தாலும் கூச்சப்படாமல் சொல்லச் சொல்லி உன் பெண்டாட்டியைப் பழக்கு. அதற்கு முதலில் அவள் சொன்னால் கேலி செய்யாமல் கேட்க நீ பழகு. நான் கேலி செய்தேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று இந்த வீட்டில் யாரையும் வாய் திறக்க விடாமல் வைத்திருந்தேன். அம்மா கட்டியை மறைத்தது கூச்சத்தால் என்று அவள் சொல்கிறாள். பாதி என்னால்தான் என்று எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு தடவை பேசும்போதும், "பாஸ்போர்ட் எடுத்தாச்சாம்மா?" என்று கேட்கிறாய். பிரசவத்துக்கு அவள் வருவாள் என்று டிக்கெட்டும் போட்டுவிட்டாய். "எடுத்தாச்சுப்பா" என்கிறாள். எடுக்கவில்லை. போன வாரம் என்னை நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் உட்காரச் சொன்னாள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் குழம்பு எப்படி வைப்பது, காய மருந்து எந்த நாளில் எவ்வளவு, குழந்தைக்குச் சளி பிடித்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொண்டே வந்தாள், நான் எழுதினேன். நடு நடுவே மூச்சு வாங்கியது. "பூண்டு எத்தனை பல்லுன்னு எழுதுனீங்களா? படிங்க பாப்போம்" என்று அந்த நிலையிலும் என்னைத் திருத்தினாள். பதினோரு பக்கம் ஆனது. முடித்ததும், "புள்ள பொறந்ததும் கவிதாவுக்கு இத அனுப்பிடுங்க. நானே அனுப்புனதா சொல்லுங்க" என்றாள். தான் இருக்க மாட்டோம் என்று அவள் என்னிடம் சொன்னது அவ்வளவுதான். நான் பேனாவை மூடிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

நடக்க முடியவில்லை, ஆனால் நினைவு நன்றாக இருக்கிறது. இரண்டு வாய் கஞ்சி குடிக்கிறாள். வலிக்கு மருந்து கொடுக்கிறார்கள், கேட்கிறது. உன் குரல் கேட்டால் முகம் தெளிகிறது. இப்போது வந்தால் உன்னோடு உட்கார்ந்து பேசுவாள். இன்னும் சில வாரம் கழித்து வந்தால் என்ன மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கவிதா இந்த நிலையில் அலைய வேண்டாம், அவள் அம்மாவை அங்கே துணைக்கு வரச் சொல். நீ மட்டும் வா.

இன்றைக்குச் சாயங்காலம் நீ வீடியோவில் கூப்பிடுவாய். லட்சுமி அக்கா தலைசீவி, பவுடர் போட்டு, தலையணையில் சாய்த்து உட்கார வைத்திருப்பாள். "நல்லா இருக்கேன்பா, கால்தான் கொஞ்சம்" என்று அம்மா ஆரம்பிப்பாள். நீ அழாதே. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்காதே, அதை என்னிடம் தனியாகக் கேள், எவ்வளவு வேண்டுமானாலும் கேள். அவளிடம் எந்தத் தேதியில் வந்து இறங்குகிறாய் என்பதை மட்டும் சொல். அவளுக்கு உடனே புரிந்துவிடும். போனை வைத்ததும் என் பக்கம் திரும்புவாள். பிள்ளை மேல் செய்த சத்தியத்தை மீறிய மனுஷன் என்று ஊரைக் கூட்டித் திட்டுவாள். திட்டட்டும். என்னைத் திட்ட அவள் இருக்கும்போதே வந்துவிடு.

அப்பா